ஆண் புழு வரும்வரை

மலைநாட்டுப் புழு இனங்காணல் கழகத்தில் ஒரு புழுவை முழுதாகப் பார்த்தவர் யாரும் கிடையாது. தலையைப் பார்க்கத் தலைப் பிரிவு, பின்புறத்தைப் பார்க்கப் பின்புறப் பிரிவு என்று முப்பது வருடத்துக்கு முன்பே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நடு உடம்புக்கும் ஒரு பிரிவு இருந்தது. அதன் தலைவர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. ஆகவே கழகத்தைப் பொறுத்தவரை இப்போது புழுக்களுக்கு நடு உடம்பு இல்லை.

டொமிங்கா வகாத்துக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்குத் தெரிந்தது முட்டைக்கோசு. ஆத்தோக் சரிவில் படிப்படியாக வெட்டிய ஒன்பது பாத்தி, அவளே மண் சுமந்து, அவளே கல் அடுக்கிக் கட்டியது. புருஷன் ருஃபினோ தைவானுக்குப் போய்ப் பதினோரு வருடம். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு வருடத்துக்கொரு காலண்டர் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. மகள் பாகியோவில் செவிலியர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். அந்த வருடம் முடிவதும் முடியாததும் இந்த ஒன்பது பாத்திக் கோசின் கையில் இருந்தது.

அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது விவசாய அதிகாரி ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். மூலையில் மஞ்சளடித்து நின்ற ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜீப்பிலிருந்து சிவப்புப் பலகை ஒன்றை இறக்கிப் பாத்தி நடுவே அடித்தார். ‘பெயர் தெரியாத புழு உள்ள நிலம். கழகம் பெயர் சொல்லும்வரை இங்கிருந்து இலை, காய், மண் எதுவும் வெளியேறக் கூடாது’ என்றிருந்தது.

“பேரு தெரியாததுதான் குறையா? நான் ஒண்ணு வச்சுடறேன் சார்.”

“நீங்க வைக்க முடியாது மானாங். கழகம் வைக்கணும்.”

மானாங் என்று அக்கா முறை கொண்டாடினாலும் பலகையை அவர் இன்னும் இரண்டு அடி ஆழமாகத்தான் இறக்கினார்.

“மூணு வாரத்துல அறுக்கணும். மழை விழுந்தா தலை வெடிச்சுப் போகும். வெடிச்ச கோசை மாடு கூட மோந்து பாக்காது.”

“பேரு வந்ததும் அறுத்துக்குங்க. யாரு வேணாம்னா?”

மறுநாள் திங்கட்கிழமை. டொமிங்கா ஒரு மூட்டை மண்ணும் ஒரு கட்டு வேருமாக ஜீப்னி வண்டியின் கூரையில் ஏற்றிக்கொண்டு கழகத்துக்குப் போனாள். வாசலில் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் ஜெபம், அப்புறம் கழகத்தின் சொந்தப் பாட்டு. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஐம்பது பேர் புழுவைப் பற்றி நான்கு சரணம் பாடினார்கள். பிறகு எல்லோரும் காப்பிக்கும் பான்சித் நூடுல்ஸுக்கும் போனார்கள். வரவேற்பு மேசைக்கு ஒரு பெண் வந்து உட்கார மணி பத்தரை ஆயிற்று.

“பூட்ஸைக் கழட்டுங்க மானாங். ஒன்பதாம் விதி. பெயர் தெரியாத புழு இருக்கிற மண்ணு கால்ல ஒட்டி வரக்கூடாது.”

“மூட்டை நிறைய அதே மண்ணைத்தானே கொண்டுவந்திருக்கேன்?”

“மூட்டையா வரலாம். கால்ல ஒட்டித்தான் வரக்கூடாது.”

மலையில் தோட்டக்காரிக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. முழங்கால் வரை வரும் அந்தப் பச்சை பூட்ஸை அந்தப் பெண் இரண்டு விரலால் பிடித்துப் பையில் போட்டு, எண் எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“எப்பத் தருவீங்க?”

“புழுவுக்குப் பேரு வந்ததும்.”

அடுத்து படிவம். முதல் கட்டத்திலேயே ‘புழுவின் பெயர்’ என்று கேட்டிருந்தது.

“அது தெரியத்தானே வந்திருக்கேன்?”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

டொமிங்கா சற்று யோசித்தாள். மண்ணுக்குள் மறைந்துகொண்டு, முகத்தைக் காட்டாமல், அடுத்தவர் உழைப்பை உறிஞ்சித் தின்கிற பிராணி. ‘ருஃபினோ’ என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் படித்துப் பார்த்து, ‘தற்காலிகம்’ என்று பக்கத்தில் முத்திரை குத்தி, பச்சைத் தகரச் சீட்டில் நானூற்றுப் பதினேழு என்று எண் அடித்து மூட்டையின் வாயில் கட்டினாள்.

அந்த மூட்டை நான்காம் நாள் தொலைந்துபோனதாகத் தகவல் வந்தது. இரண்டாவது மூட்டை கொண்டுபோனாள், அளவு போதாது என்றார்கள். மூன்றாவதாகப் பெரிய மூட்டை கொண்டுபோனாள், அதில் ஈரம் அதிகமாம். நான்காவது மூட்டை சரியாகத்தான் இருந்தது, ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் அதே எண்ணில் புதுச் சீட்டு கட்டினார்கள். மூட்டைகளை உள்ளே தூக்கிப் போனவர் மானோங் காஸ்மே, எல்லோருக்கும் அண்ணன் முறையான கழகத் தோட்டக்காரர். மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, “நல்ல மண்ணு தங்கச்சி, கருப்பட்டி கணக்கா இருக்கு” என்று ஒவ்வொரு முறையும் மனசாரப் பாராட்டினார். அந்தக் கட்டடத்தில் அவள் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் தடவை மூட்டையோடு போனபோது ஜோவிதா அவளைப் பின்கதவு வழியாக உள்ளே கூப்பிட்டாள். ஜோவிதா பின்புறப் பிரிவின் உதவியாளர். பதினாறு வருடமாகப் பிரிவின் வேலை முழுவதையும் அவள்தான் பார்த்தாள், கையெழுத்து மட்டும் டாக்டருடையது.

ஜோவிதா வேர் முடிச்சு ஒன்றை ஊசியால் பிளந்தாள். உள்ளே உப்புக்கல் அளவில் ஒரு வெள்ளை உருண்டை, ஒரு பக்கம் மட்டும் சின்னக் கழுத்து. பிளேடால் அதன் பின்பக்கத்தைச் சீவி, கண்ணாடித் துண்டில் பரப்பி, நுண்ணோக்கியின் அடியில் தள்ளினாள்.

“குனிஞ்சு பாருங்க மானாங்.”

கட்டைவிரல் ரேகை மாதிரி கோட்டுக்குள் கோடாகச் சுழித்துக்கொண்டு போயிற்று. இருபது வருடமாகத் தன் மண்ணில் தின்றுகொண்டிருந்தவளை டொமிங்கா அன்றுதான் நேரில் பார்த்தாள்.

“மேல வளைவு உசந்து, சதுரமா நிக்குது பாத்தீங்களா? இது ஒண்ணு போதும். இந்த மலையில பத்துத் தோட்டத்துல ஒன்பதுல இருக்கிற சாதாரணப் புழு. இதுக்கெல்லாம் பலகையே வைக்கக் கூடாது.”

“அப்ப பேரு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“சொல்லித் தொலையேன்!”

“நான் சொன்னா அது பேரு ஆகாது மானாங். டாக்டர் சொல்லணும்.”

டாக்டர் என்றால் செலஸ்தினோ வில்யாஃப்ளோர். பின்புறப் பிரிவின் தலைவர், கழகத்தின் இயக்குநரும் அவரே. அவர் அறைக்குள் போனபோது தலைப் பிரிவின் தலைவி டாக்டர் மாத்ரியாகாவும் இருந்தார். இருவரும் இருபத்திரண்டு வருடமாக ஒரே காப்பிக் குடுவையைப் பகிர்ந்துகொண்டு, ஒரு புழுவையும் ஒத்துக்கொள்ளாதவர்கள்.

“மேடம், டாக்டர், பதினாறு நாளாச்சு. கோசு முத்திப்போச்சு” என்றாள் டொமிங்கா.

“அவசரப்படக் கூடாதும்மா” என்றார் வில்யாஃப்ளோர். “முப்பது வருஷத்துல இந்தக் கழகம் ஒரு புழுவைக்கூடத் தப்பா இனங்கண்டது கிடையாது. ஏன்னு சொல்லுங்க? நாங்க அவசரப்பட்டு எதையும் இனங்காண்றதே இல்லை.”

“பின்பக்கத்தைப் பாத்து ஆளை அடையாளம் சொல்றது கவுரவமான வேலையா?” என்றார் மாத்ரியாகா. “வாயில ஊசி இருக்கு, ஊசியோட அடியில மூணு குமிழ் இருக்கு, அதை அளக்கணும். யாரையும் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும்.”

“மூஞ்சியில என்ன இருக்கு? எல்லாப் புழுவுக்கும் ஒரே மூஞ்சி. குணம் பின்னாடிதான் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமா அதைத்தானே பாக்கறீங்க.”

சண்டை இந்த ரீதியில் காப்பி ஆறும்வரை நடந்தது. கடைசியில் இருவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டார்கள். பெண் புழு வெறும் உருண்டை. ஆண் புழுதான் நீளமாக, ஒழுங்காக, தலை தலையாகவும் வால் வாலாகவும் இருக்கும். மேலும் பதினான்காம் விதி இருக்கிறது: ஆண் இல்லாத பெண்ணுக்குப் பெயர் வழங்கலாகாது.

“அதனால நீங்க ஆண் புழுவைக் கொண்டாங்கம்மா” என்றார் வில்யாஃப்ளோர். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த ருஃபினோ எங்க இருக்கார்?” என்றும் கேட்டார்.

“தைவான்ல டாக்டர்.”

“வரவழைங்க.”

வெளியே வந்ததும் ஜோவிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்த வகையில ஆண் வந்தா அதிசயம் மானாங். வந்தாலும் அதால ஒரு பிரயோசனம் கிடையாது. பொம்பளையே தனியா முட்டை போட்டு, தனியாவே வம்சத்தைப் பெருக்கிடும்.”

டொமிங்கா அங்கேயே படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “என் வீட்டுக் கதையைத்தானே சொல்றே! அப்ப இதுக்குப் போயி ஆம்பளைய எங்கேன்னு கேக்கற சட்டத்தை எவன் எழுதினான்?”

“எழுதினவரு படம் மாட்டியிருக்கு, பாக்கறீங்களா?”

சிரிப்பு அந்த வாரத்தோடு சரி. பத்தொன்பதாம் நாள் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘உணவு குறைந்து நெருக்கடி மிகுந்தால் இளம் புழுக்கள் ஆணாக வளரும் என்பது அறிவியல் உண்மை. ஆகவே விண்ணப்பதாரர் தமது பயிருக்கு நீரும் உரமும் நிறுத்தி, அதை வாடவிட்டு, ஆண் தோன்றுவதற்கு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.’ கீழே வில்யாஃப்ளோரின் கையெழுத்தும், அதற்குக் கீழே, தலைப் பிரிவை மதிக்காமல் அனுப்பிய கடிதம் இது என்று மாத்ரியாகாவின் ஆட்சேபக் குறிப்பும் இருந்தன.

டொமிங்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் பயிர் செத்தால்தான் ஆண் பிறப்பான், ஆண் பிறந்தால்தான் புழுவுக்குப் பெயர், பெயர் வந்தால்தான் பயிரை அறுக்கலாம். ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். சரிவில் யாருமில்லை, அதனால் இன்னொன்றும் சொன்னாள்.

மறுநாள் பகலில் மழை பிடித்துக்கொண்டது. பூட்ஸ் இல்லாமல் மகளின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கியவள் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். மூன்றாம் பாத்தியில் முதல் கோசு அவள் கண்ணெதிரே வெடித்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தலை மெல்லப் பிளந்துகொண்டு உள்ளிருந்த வெளிறிய இலை வெளியே பிதுங்கியது. அவள் சேற்றில் உட்கார்ந்து, பிளந்த இடத்தை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். அது ஒட்டாது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது.

அதே வாரம் அழைப்பிதழ் வந்தது. கழகத்தின் முப்பதாம் ஆண்டு விழா. நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தி, ‘நன்றியுரை: பயனாளி திருமதி டொமிங்கா வகாத்’.

போனாள். மண்டபத்து வாசலிலிருந்து மேடை வரை இரண்டு வரிசையில் காசித்தும்பைத் தொட்டிகள் வைத்திருந்தார்கள். விழா என்பதால் மானோங் காஸ்மே தாராளமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார். தொட்டிகளின் அடியிலிருந்து கறுப்புச் சேறு வழிந்து நடைபாதையில் பரவிக் கிடந்தது. மணிலாவிலிருந்து வந்த பெரிய அதிகாரி தன் புது பழுப்பு நிற ஷூவால் அதை மிதித்துக்கொண்டுதான் மேடையேறினார். மாலை அவர் பாகியோவில் ஒரு கல்யாணத்துக்கு ஞானத்தந்தை, இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று மூன்று பேர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

வில்யாஃப்ளோர் ஐம்பது நிமிடம் பேசினார்.

“பெருமக்களே! ஒருவர் இனங்காண வந்தால் நாம் மறுப்பதில்லை, காத்திருக்கச் சொல்கிறோம். காத்திருப்பு என்பது அறிவியலின் தாய்! சென்ற ஆண்டு நம்மிடம் வந்த மாதிரிகள் நானூறு. பெயர் சொன்னவை இரண்டு. அந்த இரண்டிலும் ஒன்று மண்புழு. ஆனாலும் நம் விதிகள் ஒரு நூலளவும் வளைந்ததில்லை! இதோ, சுவரில் ஒன்பதாம் விதி. பெயர் தெரியாத புழு உள்ள மண் எந்தக் காலில் ஒட்டியிருந்தாலும் அந்தக் காலணி இங்கேயே தங்கும். ஏழையின் பூட்ஸானாலும் சரி, நாட்டின் தலைவருடைய ஷூவானாலும் சரி!”

கைதட்டலில் பெரிய அதிகாரியும் கலந்துகொண்டார்.

நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். ரப்பர் செருப்போடு நடைபாதையில் போன டொமிங்காவின் கண் தொட்டிகள் மேலேயே இருந்தது. பாதிச் செடி மஞ்சளடித்திருந்தது. தோட்டக்காரியின் கை சும்மா இருக்குமா? குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். வேர் முழுக்க முடிச்சு. மண்ணோடு சேர்ந்து ஒரு பச்சைத் தகரச் சீட்டும் வந்தது. நானூற்றுப் பதினேழு.

அவள் மானோங் காஸ்மேயைப் பார்த்தாள்.

“மாதிரி அறை நிரம்பிப்போச்சு, காலி பண்ணுன்னாங்க தங்கச்சி” என்றார் அவர், வெட்கத்தோடு. “அவ்வளவு நல்ல மண்ணைக் குப்பையில கொட்ட மனசு வரலை.”

அவள் செடியோடு மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

“நன்றி. என் மண்ணுல உங்க பூ நல்லாப் பூத்திருக்கு. இது என் தோட்டத்து மண்ணு, சீட்டு இதோ இருக்கு, நானூத்திப் பதினேழு. இது அதே பேரு தெரியாத புழு, முடிச்சைப் பாருங்க. வழியெல்லாம் அந்தச் சேறுதான், எல்லாரும் மிதிச்சுத்தான் வந்தீங்க. டாக்டர் இப்பத்தான் விதியைப் படிச்சாரு. அதனால எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க.”

யாரும் அசையவில்லை. அவளே முதலில் தன் செருப்பைக் கழற்றி மேடை விளிம்பில் வைத்தாள். கீழே முன்வரிசையில் ஜோவிதா எழுந்து தன் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். டாக்டர் மாத்ரியாகா யோசித்தார். பின்புறப் பிரிவின் நிர்வாகத்தில் வந்த வினை இது என்பது விளங்கியதும் மிக உற்சாகமாகத் தன் குதிகால் செருப்பைக் கழற்றினார். பிறகு மண்டபமே கழற்றிற்று. அன்று பூட்ஸை வாங்கிப் பூட்டிய வரவேற்புப் பெண் பைகளோடு ஓடிவந்து எண் போட ஆரம்பித்தாள். விதி என்றால் அவளுக்கு வேறு யோசனையே கிடையாது.

“இயக்குநரே, என் ஷூ எப்பக் கிடைக்கும்?” என்று கேட்டார் பெரிய அதிகாரி. அவர் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்தது.

“புழுவுக்குப் பெயர் வந்ததும் சார்.”

“பேரு எப்ப வரும்?”

“ஆண் புழு கிடைத்ததும் சார்.”

“ஆண் எப்பக் கிடைக்கும்?”

வில்யாஃப்ளோர் அறிவியலின் தாயைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்தார். “எனக்கு ரெண்டு மணிக்குக் கார். உங்களுக்கு வேலை வேணுமா, ஆண் வேணுமா?”

ஜோவிதா மேடையிலேயே முடிச்சைப் பிளந்தாள், சீவினாள், நுண்ணோக்கியைக் கொண்டுவரச் செய்தாள். வில்யாஃப்ளோர் வெறுங்காலோடு குனிந்து பார்த்து, “உயர்ந்த வளைவு, சதுரம், சந்தேகமே இல்லை. மலையெங்கும் உள்ள சாதாரணப் புழு, தடை தேவையில்லை” என்றார். மாத்ரியாகா தலையைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். பதினான்காம் விதிக்கு எதிரே ‘ஆண்: விதிவிலக்கு’ என்று எழுதினார்கள். புழுவின் லத்தீன் பெயரும் மாதிரி எண் நானூற்றுப் பதினேழும் போட்டுச் சான்றிதழ் அச்சாகி வந்தது. எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிடம்.

டொமிங்கா சான்றிதழை வாங்கினாள், பூட்ஸை வாங்கினாள், அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டு ஜீப்னிக்கு ஓடினாள். அன்று பிற்பகலே பலகையைப் பிடுங்கி அடுப்பெரிக்கப் போட்டாள். ஒன்பது பாத்தியில் நான்குதான் அறுக்கத் தேறியது. ஐந்து பாத்தி வெடித்து, அழுகி, ஈ மொய்த்துக் கிடந்தது. மகளை ஒரு பருவம் படிப்பை நிறுத்தி வைக்கச் சொல்லவேண்டி வந்தது. மகள் மறுவாரமே வந்து அவளோடு பாத்தியில் இறங்கினாள். டொமிங்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாதம் முடிவதற்குள் கழகத்தின் வாசலில் பெரிய பதாகை ஏறியது: ‘உலகிலேயே வேகமான இனங்காணல்! பதினோரே நிமிடம்!’ அதில் வில்யாஃப்ளோர் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார், வெறுங்கால் தெரியாதபடி படத்தை இடுப்போடு வெட்டியிருந்தார்கள். டொமிங்காவுக்குப் பாராட்டுச் சான்றிதழும் கூடவே ஒரு கடிதமும் வந்தன. காசித்தும்பை நன்றாக வந்தபடியால் அடுத்த ஆண்டு விழாவுக்கும் இரண்டு மூட்டை மண் தேவை. மேலும் கோப்பு இன்னும் முழுமை பெறவில்லை, ருஃபினோ கிடைத்தால் அவரையும் அனுப்பவும்.

டொமிங்கா கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு இருவருமாக ஐந்து பாத்தியின் அழுகல் கோசையும் அள்ளிப் பன்னிரண்டு மூட்டை கட்டினார்கள். எல்லா மூட்டையையும் கழகத்துக்கே ஜீப்னியில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சீட்டு.

‘ருஃபினோ உள்ளே இருக்கிறார். அவசரப்படாமல் தேடவும்.’